இடது தோள் வலி: ஊசி குத்தி அதுக்கு மேல கப் வைக்கலாமா?

தறிக்காரன் (மருதமுனை) | திங்கள், இரவு 9.42

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இங்க கன நாளா வாசிக்கிறதோட சரி, எழுதுற இதுதான் முதல் தரம். பிழையிருந்தா பொறுத்துக்கோங்க.

வயசு 51. முப்பது வருசத்துக்குக் கிட்டத் தறியிலதான் இரிக்கன். வலது கையால நாடாக் கயித்த இழுக்கிற, இடது கையால அச்சுப் பலகைய அடிக்கிற, கால் ரெண்டும் மிதியில. ஒரு சாரன் இறங்கிறதுக்குள்ள அந்தக் கை எத்தின ஆயிரம் தரம் போய் வருதெண்டு நான் எண்ணிப் பார்த்தில்ல. அஞ்சாறு மாசமா இடது தோள் வலி. கழுத்துக்கு ஏறுது, சில நேரம் முழங்கை வரைக்கும் இறங்குது. ராவையில இடப்பக்கம் சரிஞ்சு படுக்க ஏலா.

கல்முனைப் பக்கம் ஒருத்தரிட்ட நாலு தரம் அக்குபங்சர் செஞ்ச. முதல் ரெண்டு தரமும் ஒண்டும் தெரியல்ல. மூணாம் தரத்துக்குப் புறகு ரெண்டு நாள் நல்ல சுகம், மறுகா பழைய குருடி கதவைத் திறடி. இப்ப அவர் சொல்றார், ஊசிய எடுக்காம அதுக்கு மேலயே தோலை உறிஞ்சி இழுக்கிற கப்ப வைப்பம், அப்பதான் உள்ளுக்கிருந்து இழுக்கும் எண்டு. பொஞ்சாதிட தம்பி வேற கதை: "அதெல்லாம் என்னத்துக்கு மச்சான், வாற பிறை 17ல ஹிஜாமா, அதான் தோலைக் கீறி ரத்தம் எடுக்கிற கப், செய்ங்க, கெட்ட ரத்தம் போனா வலியும் போகும்." உம்மா ரெண்டு பேரையும் ஏசிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிறா.

செஞ்ச ஆக்கள் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யலாமா? எது முதல்ல, எது புறகு?

ஒண்டு சொல்ல மறந்திட்டன். எட்டு மாசத்துக்கு முதல் கொழும்பில நெஞ்சுக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைபடாம உள்ளுக்கு வைக்கிற வலைக்குழாய்) ஒண்டு வச்ச. அதால இப்ப ஒரு கரைச்சலும் இல்ல, குளிசை போட்டுக்கிட்டு வாறன்.


வட்டைக்குருவி (படுவான்கரை) | திங்கள், இரவு 10.15

காக்கா, எனக்கு ஊசி தெரியாது, கப் தெரியும். வேளாண்மைக்காரன் நான். பதினாறு லீற்றர் டாங்கிய முதுகில கட்டி நாள் முழுக்க மருந்தடிச்சா நாரியும் தோள்மூட்டும் என்ன பாடுபடும் எண்டு விதைச்சவனுக்குத்தான் விளங்கும். போன சிறுபோகத்தில ஆரையம்பதியில ஒரு இடத்தில போய்ப் படுத்தன். ரத்தம் எடுக்காத கப், எட்டோ ஒன்பதோ வச்சவங்கள். வைக்கக்குள்ள ஆரோ முதுகுத்தோல அள்ளிப் பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கும். எடுத்த உடன சொர்க்கம்.

வீட்ட வந்து சேட்டக் கழட்ட மனிசி குளறின சத்தத்துக்குப் பக்கத்து வளவுச் சனமெல்லாம் ஓடி வந்திட்டு. கறுத்த முறுக்கு மாதிரி வட்டம் வட்டமா ஒன்பது. எங்க விழுந்தனீங்க, ஆரு அடிச்சது எண்டு விசாரணை. பத்து நாளா வயலுக்குச் சேட்டோடதான் இறங்கினன்.

சுகம் எத்தின நாள் எண்டு கேட்டா மூண்டு நாள். நாலாம் நாள் டாங்கிய முதுகில ஏத்தினா வலியும் ஏறிக்கொள்ளும்.

மாரியில ரத்தம் எடுக்கிறதும் ஒருக்காச் செய்தன். அடுத்த நாள் விடியவே வட்டைக்குள்ள இறங்கிட்டன், ஒண்டும் ஆகல்ல. பயப்பிடாமச் செய்யுங்க.


கட்டார்_ரிட்டன் (ஏறாவூர்) | திங்கள், இரவு 11.03

வஅலைக்கும் ஸலாம் காக்கா. ரத்தம் எடுக்காத கப் ரெண்டு நாள் சுகத்துக்கு, ரத்தம் எடுக்கிறதுதான் மருந்து. நான் தோஹாவுல ஒன்பது வருசம் இருந்த, அங்க பழகி வந்து இப்ப வீடுகளுக்குப் போய்ச் செஞ்சு குடுக்கன். தோள் வலிக்காரர் எத்தின பேர் எழும்பி நடந்து போறாங்க. கப்புக்குள்ள வாற ரத்தத்த நீங்களே பார்க்கோணும், கறுப்பா, ஜெல்லி மாதிரிக் கட்டி கட்டியா வரும். அதுதான் கழிவு. நல்ல ரத்தம் அப்பிடி வராது.

எங்கட மூத்தவாப்பா காலத்துல ஒஸ்தாமாமாதான் (ஊர் நாவிதர்) இத செஞ்சவராம். மாட்டுக் கொம்ப முதுகில வச்சு, நுனி ஓட்டையால வாய வச்சு உறிஞ்சி, நாக்கால தள்ளி மெழுகால அடைப்பாராம். புதுசா வந்த ஒண்டில்ல இது. பிறை 17க்கு வாங்க, நம்மட ஊர்க்காரருக்குக் கூடக் காசெடுக்க மாட்டன்.


நைட்_டியூட்டி (மட்டக்களப்பு) | செவ்வாய், அதிகாலை 3.20

காக்கா, கடைசியா எழுதினத நீங்க முதல் வரியில எழுதியிருக்கோணும்.

நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆள், டொக்டர் இல்ல. அந்தக் குளிசையட பேர் என்ன? மட்டையப் பார்த்து எழுத்துக்கூட்டி இங்க போடுங்க. ஸ்டென்ட் வச்சா ரத்தம் கட்டியாகாமத் தடுக்கிற குளிசை தருவாங்க, முதல் வருசம் அனேகமா ரெண்டு வகை. அது உடம்பில ஓடக்குள்ள தோலைக் கீறி, அதுக்கு மேல கப்ப வச்சு இழுத்தா நிக்கிற நேரத்துக்கு ரத்தம் நிக்காது.

இன்னொண்டு, இதுதான் என்னைத் தூங்க விடாம எழுத வைக்குது (தூங்கவும் ஏலாது, டியூட்டி). இடது தோள். முழங்கை வரைக்கும் இறங்குது. நெஞ்சில ஏற்கனவே அடைப்பு வந்த மனிசன். தறி அடிச்சுத்தான் வலி எண்டு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. அப்பிடித்தான் இருக்கும், இருக்கோணும். ஆனா ஈசீஜி ஒண்டு எடுக்காம அத எப்பிடிச் சொல்றது? படியேறக்குள்ள கூடுதா, சைக்கிள் மிதிக்கக்குள்ள கூடுதா, நிண்டா குறையுதா? வேர்க்குதா? இதுக்கெல்லாம் இங்க மறுமொழி எழுதிக்கொண்டு இருக்க வேணாம். விடிஞ்ச உடன கிளினிக் போங்க. நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து வந்தா கிளினிக் நாள் பார்க்காம நேர அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

ஒருத்தர் சொல்லையும் கேட்டு அந்தக் குளிசைய நிப்பாட்டிப் போடாதீங்க. "ரெண்டு நாள் குளிசைய விட்டிட்டு வாங்க, பிறகு கப் வைக்கலாம்" எண்டு சொல்ற ஆக்கள் ஊருக்குள்ள இருக்காங்க. ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்டினா வாறது தோள் வலி இல்ல.


பாலத்தடி (கல்லடி) | செவ்வாய், காலை 7.55

மேலே தங்கச்சி எழுதியதற்குப் பிறகு நான் எழுத அதிகமில்லை. ஆனால் "ஜெல்லி மாதிரி வந்தால் கழிவு" என்பதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வியாதி.

கோழி அறுக்கும்போது சட்டியில் விழுகிற ரத்தத்தைப் பார்த்திருப்பீர்கள். கால் மணித்தியாலத்தில் அது என்ன ஆகிறது? கத்தியால் துண்டு போடலாம். அந்தக் கோழிக்கு என்ன கழிவு சேர்ந்தது? உடம்பை விட்டு வெளியே வந்த எந்த ரத்தமும் உறையும், உறையத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சவரம் பண்ணும்போது வெட்டுப்பட்டே செத்துப்போவோம். லேபில் ரத்தம் எடுக்கும்போது சிவப்பு மூடிக் குழாயில் விட்டதைக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், அதே ஜெல்லிதான். ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருப்பதற்கு அதற்குள் போட்டிருக்கிற மருந்துதான் காரணம். கறுப்பாகத் தெரிவது ஒட்சிசன் குறைந்த ரத்தம் தேங்கி நிற்பதால்.

தோலைக் கீறி எடுப்பது மயிர்க்குழாய் ரத்தம். நல்லதை உள்ளே வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் வெளியே அனுப்புகிற சல்லடை தோலில் கிடையாது. அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.


கட்டார்_ரிட்டன் | செவ்வாய், முற்பகல் 11.30

சேர், நீங்க படிச்ச ஆள், நான் ஓஎல் வரைக்கும்தான். ஆனா கோழிக் கதை சொல்லி சுன்னத்தான, நபிவழியான ஒரு விசயத்த நக்கலடிக்கிறது நல்லா இல்ல. தேன், ஹிஜாமா, நெருப்பால சூடு, இந்த மூணுலயும் சுகம் இருக்கு, சூடு போடுறத மட்டும் நான் விரும்பல்ல எண்டு நபியவங்க சொன்னதா புகாரி ஹதீஸ் நூல்ல வருது. ஒலிம்பிக் நீச்சல்காரன் 2016ல ரியோவுல முதுகு முழுக்க வட்டத்தோட தங்கம் எடுத்தப்போ மட்டும் எல்லாரும் கைதட்டின.

காக்காட ஸ்டென்ட் விசயம் நான் சரியா வாசிக்கல்ல, அத ஒத்துக்கிறன். நானும் கேட்டிருக்கோணும்.


பாலத்தடி | செவ்வாய், பிற்பகல் 1.10

தம்பி, நக்கலடிக்கவில்லை. ஹதீஸில் "ஜெல்லி வந்தால் கழிவு" என்று இருக்கிறதா? அந்த விளக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. நீங்கள் சொன்ன நீச்சல்காரர் பெல்ப்ஸ் 2008இலேயே எட்டுத் தங்கம் எடுத்தவர், அது வேறு கதை.


மட்டுறுத்துநர் | செவ்வாய், பிற்பகல் 1.25

மார்க்கத் தர்க்கத்துக்கு வேறு பகுதி இருக்கிறது. இந்த இழையில் வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்வதற்கான அழைப்புகளும் வேண்டாம்.


யூனானிக்காரி (நிந்தவூர்) | செவ்வாய், இரவு 8.40

ராஜகிரியவில் யூனானி மருத்துவம் படித்து வந்து இப்போது இந்தப் பக்கம்தான் பார்க்கிறேன். தொழிலே இது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இதை யாருடைய சொத்து என்று பிடித்து இழுக்கத் தேவையில்லை. சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் வாதத்துக்கு மாட்டுக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுவை என்று ரத்தம் எடுக்கும் கருவியைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் மூன்றும் இருக்கின்றன. சீனத்தில் நான்காம் நூற்றாண்டிலேயே கொ ஹோங் என்பவர் கொம்பை வைத்து உறிஞ்சுவதை எழுதியிருக்கிறார். மாட்டுக் கொம்பு இல்லாத நாடு எது? ஒஸ்தாமாமாவின் கொம்பும் அந்த வரிசைதான். யூனானியில் நாங்கள் இரண்டாகப் பிரிப்போம்: கீறாமல் வைப்பது ஹிஜாமா பிலா ஷர்த், கீறி வைப்பது ஹிஜாமா பில் ஷர்த். முதலாவதை இமாலா, அதாவது ஓரிடத்தில் தேங்கியதை வேறிடத்துக்குத் திருப்புவது என்பார்கள். இரண்டாவது தன்கியா, வெளியேற்றுவது. இது பழைய நூல்களின் பாஷை. கல்லடி சேருடைய சிவப்பு மூடிக் குழாய்க்கு முன்னால் இந்தப் பாஷையை வைத்து நான் வாதாட மாட்டேன். ஜெல்லியைக் காட்டி நோயாளியைப் பயமுறுத்துவதை நானும் வெறுக்கிறேன்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் கப்பை வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம். எடுத்து, தோலின் மேல் பரப்பில் மட்டும் மெல்லிய கீறல்கள், பூனை பிறாண்டியதுபோல, ஆழமே இல்லாமல். திரும்பவும் அதே கப், அதே நேரம். ரத்தம் பீறிட்டு வந்தால் கீறினவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். கீறுகிற பிளேட் ஒருவருக்கு ஒன்று, அன்றோடு குப்பைக்கு அல்ல, கூர்ப்பொருள் போடுகிற தடித்த பெட்டிக்கு. பம்ப் வைத்து இழுக்கிற பிளாஸ்டிக் கப்பை அவித்துச் சுத்தமாக்க முடியாது. ஓட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் பெட்டி) 121 பாகையில் போட்டால் அனேகமானவை உருகி நெளிந்துவிடும். ஆகவே ரத்தம் தொட்ட பிளாஸ்டிக் கப் அந்த நோயாளியோடு முடிந்தது. டெட்டோலில் கழுவி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத் துளியில் ஏழு நாள் வரை உயிரோடு கிடக்கும். டெட்டோல் மணந்தால் அது ஓடிவிடாது.

இன்னொரு கெட்ட பழக்கம், கப்புக்கு இத்தனை என்று காசு எடுப்பது. அப்படி எடுத்தால் இரண்டு கப் போதுமான இடத்தில் பன்னிரண்டு ஏறும். மாதா மாதம் செய்து இரும்புச்சத்துக் குறைந்து, நகம் வெளிறி, படியேற மூச்சு வாங்க வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ரத்த வங்கியில் கொடுக்கப் போனால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள், அடுத்த முறைக்கு நான்கு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஹிஜாமா செய்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்?

17, 19, 21 என்ற பிறை நாட்கள் அபூதாவூத் ஹதீஸ் நூலில் வருகின்றன. சுன்னத்தாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு அந்த நாளிலேயே செய்து கொடுக்கிறேன். ஆனால் கர்ப்பிணி, ரத்தம் குறைந்தவர், ரத்தம் உறையாத குளிசை போடுகிறவர், கட்டுப்பாடில்லாத சீனி வருத்தக்காரர், இவர்களுக்கு எந்தப் பிறையும் நல்ல நாள் அல்ல.

தறிக்காரன் காக்கா, நீங்கள் என்னிடம் வந்திருந்தால் கீறாமல்தான் அனுப்பியிருப்பேன்.


ஊசிக்காரன் (மட்டக்களப்பு ரவுண்) | செவ்வாய், இரவு 10.05

கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் மறுமொழி சொல்லல்லயே. ஊசிக்கு மேல கப் வைக்கலாமா எண்டதுதானே கேள்வி.

சீனத்தில அப்பிடி ஒரு முறை இருக்கு. ஊசியக் குத்தி, அத எடுக்காம, உசரமான கப்பொண்ட அதுக்கு மேல கவுத்து வைப்பாங்க. ஆனா எங்க வைக்கிறது எண்டதில எல்லாம் இருக்கு. குண்டியில, தொடையில, சதை தடிச்ச இடத்தில சரி. தோள்ல, மேல் முதுகில நான் வைக்கவே மாட்டன். கப் இழுக்கக்குள்ள தோல் மேல எழும்பும், ஊசியட தலை கப்பில முட்டும், முட்டினா நுனி எந்தப் பக்கம் போகும்? உள்ளுக்கு. தோள் மேட்டில ஜியான்ஜிங் எண்டு ஒரு புள்ளி, கழுத்து வலிக்கு ஆரும் முதல்ல தேடுற இடம் அது. நேர கீழ நுரையீரலட உச்சி. கப் இல்லாமலே அந்தப் புள்ளியில ஆழமாக் குத்தி நுரையீரலச் சுத்தி காத்து ஏறினவங்கள் உலகத்தில கனபேர். மெலிஞ்ச உடம்பெண்டா தூரம் இன்னும் குறைவு. தறிக்காரர் மெலிவோ தடிப்போ தெரியாது, கல்முனைக்காரர் செய்யிறதெண்டா என்ர கண்ணுக்கு முன்னால வேணாம்.

ஒரே நாளில ரெண்டும் செய்யலாம். என்ர வழமை இது: முதல்ல ஊசி, இருவது நிமிசம். எடுத்து, துளையெல்லாம் மூடுற மட்டும் பஞ்சால அமத்தி, பிறகு ரெண்டோ மூண்டோ கப் மெதுவா, அஞ்சு நிமிசத்துக்குக் கூடாம. ஊசி எடுத்த கையோட கப்ப வச்சா துளையால துளித்துளியா ரத்தம் கப்புக்குள்ள வரும், அப்ப அந்தக் கப்பும் ரத்தம் தொட்ட கப்தான், மேல யூனானி டொக்டர் சொன்னதெல்லாம் அதுக்கும் பொருந்தும். சில பேர் மறுபக்கமாச் செய்வாங்க, எண்ணெய் பூசிக் கப்ப முதுகில இழுத்து இழுத்துத் தசைய இளக்கிட்டுப் பிறகு ஊசி. பயந்த ஆக்களுக்கு அது நல்லம், இளகின தசையில ஊசி நோகாது.

"சீ" (உடம்பில ஓடுற சக்தி) தேங்குது, ரத்தம் தேங்குது எண்டு சீனப் புத்தகத்தில கிடக்கு. நான் படிச்சதும் அதைத்தான். ஆனா படுத்திருக்கிற ஆளிட்ட நான் சொல்றது ஒண்டுதான்: உங்கட தசை இறுகிக் கிடக்கு, இளக்கிப் பார்ப்பம். களுபோவில ஆஸ்பத்திரியில டொக்டர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர நடத்தின காலத்தில இருந்து இந்த நாட்டில ஊசி புதுசில்ல. ஊசி ஒருக்காப் பாவிச்சு எறியிற ஊசியோ எண்டு கேக்கிறது மட்டும் இன்னும் எங்கட சனத்துக்குப் பழகல்ல. உறையப் பிரிக்கிறத உங்களுக்கு முன்னால செய்யச் சொல்லுங்க, கோவிக்கிறவரிட்டப் போகாதீங்க.


மாமாங்கத்தடி (மட்டக்களப்பு) | புதன், காலை 6.30

நெருப்புக் கப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பற்றவைத்து, கண்ணாடிக் கப்புக்குள் காட்டி எடுத்துவிட்டு உடனே வைப்பது. இரண்டு வருடத்துக்கு முன் ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) எனக்குச் செய்தார்கள். பஞ்சு கூடுதலாக நனைந்திருந்தது, சொட்டு முதுகில் விழுந்தது, நெருப்போடு. "கொஞ்சம் சுடத்தான் செய்யும் அக்கா" என்றார் செய்தவர். சுட்டது கொஞ்சமில்லை. இப்போதும் நாலு விரல் அகலத்துக்கு வடு. பிளவுஸ் தைக்கும்போது தையல்காரியிடம் கழுத்தை ஏற்றி வைக்கச் சொல்கிறேன். பம்ப் கப் கிடைக்கிற காலத்தில் நெருப்பு எதற்கு என்று விளங்கவில்லை. செலவும் கூட அவ்வளவில்லை.


ஊசிக்காரன் | புதன், காலை 8.12

அக்கா, மன்னிக்கோணும். அந்த ஆளுக்காக நான் கேக்கிறன். பஞ்சப் பிழிஞ்சு, கிடுக்கியால பிடிச்சு, நோயாளியட உடம்புக்கு மேலால கொண்டு போகாம, பக்கத்தில வச்சுச் செய்யோணும். பிழியிறது அரை நிமிச வேலை. நானும் இப்ப பம்ப்தான்.


நைட்_டியூட்டி | புதன், பிற்பகல் 2.45

வட்டைக்குருவி அண்ணே, உங்களோடயும் ஒரு கணக்கு இருக்கு. மாரியில முதுகு கீறி, அடுத்த நாள் வட்டைக்குள்ள இறங்கினீங்க. "ஒண்டும் ஆகல்ல." எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தில இருந்து வயல் தண்ணிக்கு வந்து எதுக்குள்ளால உடம்புக்கு ஏறும் எண்டு பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) அதத் தடுக்கிற டொக்சிசைக்ளின் குளிசை குடுக்க வரக்குள்ள சொல்லியிருப்பார். தோல் வெடிப்பு, கீறல். நீங்க காசு குடுத்துக் கதவு திறந்து விட்டிருக்கீங்க, அதுவும் வரிசை வரிசையா. சேட்டுப் போட்டு இறங்கினனெண்டு சொல்லாதீங்க, நனைஞ்ச சேட்டு ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். மெலியோய்டோசிஸ் எண்டு இன்னொரு கிருமி வயல் மண்ணுக்குள்ளயே வாழுறது. எங்கட மாவட்டத்திலயும் கண்டு பிடிச்சிருக்கு. சீனி வருத்தக்காரருக்கு அது வந்தா சும்மா விடாது. கீறல் முழுக்கக் காஞ்சு பொருக்கு விழுற மட்டும் வயல், குளம், வாவி ஒண்டும் வேணாம்.

மார்கழி, தை டெங்குக் காலம். காய்ச்சலோட மேலெல்லாம் உளையுது, கப் வச்சா உளைவு எடுபடும் எண்டு போறவங்க இருக்காங்க. டெங்கில இரத்தச் சிறுதட்டு இறங்கிக் கிடக்கக்குள்ள கீறினா என்ன ஆகும்? கீறாத கப்பே தோலுக்குள்ள ரத்தம் கசிய வைக்கிறதுதானே, அந்த வட்டம் வேற என்ன? காய்ச்சல் எண்டா முதல்ல எஃப்பீசி, அந்தச் சிறுதட்டெல்லாம் எண்ணிப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை.


வட்டைக்குருவி | புதன், மாலை 6.00

ஐயோ தங்கச்சி. எலிக்காய்ச்சல் எனக்கு ஞாபகமே வரல்ல. குளிசை குடுத்தவங்கள் தான், நான் அதைப் போடவும் இல்ல, அதையும் இங்க சொல்லி ஏச்சு வாங்கிக் கொள்றன்.


தறிக்காரன் | வியாழன், இரவு 9.10

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். மட்டையப் பார்த்த. அஸ்பிரின் ஒண்டு, குளோபிடோகிரல் ஒண்டு. தங்கச்சி சொன்ன மாதிரியே ரெண்டு.

கிளினிக் போன. ஈசீஜி எடுத்த, புதுசா ஒண்டும் இல்லையாம், அல்ஹம்துலில்லாஹ். ஓடுற மெஷின்ல ஏத்தியும் பார்க்கத் தேதி தந்திரிக்காங்க. கழுத்து எக்ஸ்ரேயில தேய்மானம் தெரியுதாம். டொக்டரிட்ட ஹிஜாமா கேட்ட. அவர் மூக்குக்கண்ணாடியக் கழட்டிப் போட்டு என்னப் பார்த்தார், மறுகா "ரெண்டு குளிசையில ஒண்டையும் நீங்களா நிறுத்தினா என்ட முகத்துல முழிக்காதீங்க" எண்டார். ஊசிக்கு ஓம் எண்டார், அமத்திப் பிடிக்கச் சொல்லோணுமாம்.

ஒண்டு மனசுக்க உறுத்துது. ஊசி குத்தினவர் நாலு தரத்துல ஒரு தரமும் என்ன குளிசை போடுறீங்க எண்டு கேக்கல்ல. நாக்க நீட்டச் சொன்னார், நாடிய ரெண்டு கையிலயும் பிடிச்சுப் பார்த்தார். நாக்கப் பார்த்து ஸ்டென்ட் தெரியுமா? நானும் சொல்லல்ல, அது என்ட பிழை. தோள் வலிக்குப் போறவன் நெஞ்சக் கதையச் சொல்வானா?


பாலத்தடி | வியாழன், இரவு 9.55

மனம் ஆறியது காக்கா.

நேற்று முழுக்க ஒரு விசயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன், ஊசிக்காரர் கோவிக்கக்கூடாது. ஜெர்மனியில் உடம்பெல்லாம் நோகிற ஃபைப்ரோமயால்ஜியாக்காரரிடம் கப்பைப் பரிசோதித்தார்கள், 2016இல் வெளியானது. ஒரு கூட்டத்துக்கு உண்மைக் கப். இன்னொரு கூட்டத்துக்கு, சின்ன ஓட்டை போட்டு, உறிஞ்சல் நிற்காதபடி செய்த போலிக் கப். வழமையான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட உண்மைக் கப் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் போலிக் கப்பைவிட அது மேலாக நிற்கவில்லை. அப்படியென்றால் வேலை செய்தது எது? உறிஞ்சலா, யாரோ ஒருவர் முதுகைத் தொட்டுக் கவனித்ததா?


ஊசிக்காரன் | வியாழன், இரவு 11.20

கோவமில்லை சேர். எனக்கும் அந்தச் சந்தேகம் வாறதுதான், கூடுதலா மழைக்காலத்தில ஆக்கள் குறைஞ்சு சும்மா இருக்கக்குள்ள. கழுத்து, நாரி வலிக்குக் கொஞ்ச நாளைக்கு உதவுதெண்டு சொல்ற ஆராய்ச்சியும் கிடக்கு, அனேகமானது சின்னச் சின்ன ஆராய்ச்சி, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேணும். தன்ர முதுகில கப் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாத நோயாளிய எங்க பிடிக்கிறது? அந்த ஓட்டைக் கப்தான் இப்போதைக்குக் கெட்டித்தனம்.

ஆனா ஒண்டு. ஒரு நாளும் ஆரும் தொடாத முதுகுகள் இந்த ஊரில கனக்க. கரைவலை இழுக்கிறவன், நெசவுக்காரன், கல் உடைக்கிறவன். இருவது நிமிசம் அசையாமப் படுத்தாலே அவங்களுக்கு அரைவாசி மருந்து. நான் காசெடுக்கிறது மற்ற அரைவாசிக்கு எண்டு வச்சுக்கொள்ளுங்க.


தறிக்காரன் | மூன்று கிழமைக்குப் பிறகு, வெள்ளி, மாலை 5.30

எப்பிடி எண்டு கேட்டு ரெண்டு மூணு பேர் தனியாச் செய்தி போட்டிருந்தாங்க, அதால எழுதுறன். ஓடுற மெஷினும் சரி, நெஞ்சு சுகம்.

கல்முனைக்காரரிட்டயே திரும்பப் போன. குளிசைய மட்டையோட காட்டின. மனிசன் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. இப்ப கொப்பி ஒண்டு வச்சு வாற எல்லாரிட்டயும் குளிசை கேட்டு எழுதுறார். ஊசிக்கு மேல கப்பெண்ட கதை விட்டாச்சு. ஊசி, மறுகா மெதுவா ரெண்டு கப், அஞ்சு நிமிசம். அந்த ரெண்டு கப்பும் விட்ட வட்டம் பதினாலு நாளா மாறல்ல, குளிசையாலதான் எண்டு டொக்டர் சொன்னார். அதால கப்ப இப்ப நிப்பாட்டி ஊசி மட்டும்.

வலி பாதிக்குப் பாதி. ஆனா எதால குறைஞ்செண்டு நான் சொல்ல மாட்டன், ஏனெண்டா அதே கிழமையில மகன் தறிக் குழிக்குள்ள இறங்கி என்ட இருக்கைப் பலகைய நாலு விரல் உசத்தி வச்சான். முப்பது வருசமாத் தோளத் தூக்கித் தூக்கித்தான் அச்ச அடிச்சிரிக்கன், இப்ப கை தாழ்ந்து போகுது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பியும் நடக்கிறன். உம்மாட நல்லெண்ணெயும் நடக்குது, அதுக்கும் பங்கு கேக்கிறா.


கட்டார்_ரிட்டன் | வெள்ளி, இரவு 7.15

அல்ஹம்துலில்லாஹ் காக்கா. நானும் இப்ப குளிசை கேட்டுத்தான் செய்றன். கப் பெட்டியும் ஆளுக்கொண்டு வாங்க வச்சிட்டன், சனம் விலை கூடவெண்டு முணுமுணுக்குது. அப்ப உங்களுக்குப் பிறை 17 இல்ல?


தறிக்காரன் | வெள்ளி, இரவு 7.40

எனக்கில்ல. மச்சினன அனுப்புறன். அவனுக்கு ஒரு குளிசையும் இல்ல, வாய் மட்டும்தான்.


யூனானிக்காரி | வெள்ளி, இரவு 8.02

சீனி பார்த்துவிட்டு அனுப்புங்கள்.